404 பக்கம் காணவில்லை: குமரி மாவட்டத்தில் இணையதளம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், கன்னியாகுமரி பக்கங்களில் கடை, ஹோம்ஸ்டே, பள்ளி, பூ வியாபாரம், தேன் விற்பனை என்று சொந்தமாகத் தளம் வைத்து, சர்வரையும் தாங்களே பார்த்துக்கொள்பவர்களுக்கான பக்கம் இது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள் இரண்டுக்கும் பதில் உண்டு. கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். சர்வரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஒரு பக்கம் இல்லை என்று சர்வர் எப்படித் தெரிந்துகொள்கிறது?

பிரவுசர் அனுப்பும் முகவரியில் சதவீதக் குறியோடு வரும் எழுத்துகளை சர்வர் முதலில் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். பிறகு, உங்கள் அமைப்பில் உள்ள லொக்கேஷன் தொகுதிகளில் (எந்த முகவரியை எப்படிக் கையாள்வது என்று எழுதிய பகுதிகள்) எது இந்த முகவரிக்குப் பொருந்தும் என்று தேடும். பொருந்திய தொகுதியின் ரூட் ஃபோல்டரோடு (தளத்தின் ஃபைல்கள் இருக்கும் அடி ஃபோல்டர்) முகவரியை ஒட்டி ஒரு முழுப் பாதையை உண்டாக்கும். அந்தப் பாதையில் ஃபைல் இருக்கிறதா என்று இயக்க முறைமையைக் கேட்கும். இல்லை என்று பதில் வந்தால் 404, அதாவது 'பக்கம் காணவில்லை' என்ற நிலை எண்ணை அனுப்பும்.

ஃபைல் இருந்தும் 404 வருகிறதென்றால் பெரும்பாலும் பாதையை ஒட்டும் கட்டத்தில்தான் தவறு. என்ஜின்எக்ஸில் ரூட், அலையஸ் என்று இரண்டு உண்டு. ரூட் போட்டால் முகவரி முழுவதும் ஃபோல்டரோடு சேரும். அலையஸ் போட்டால் லொக்கேஷனில் பொருந்திய பகுதி நீங்கி, மீதி மட்டும் சேரும். 'போட்டோஸ்' என்ற லொக்கேஷனுக்கு ரூட்டாக 'போட்டோஸ்' ஃபோல்டரையே கொடுத்தால், சர்வர் 'போட்டோஸ்' உள்ளே இன்னொரு 'போட்டோஸ்' ஃபோல்டரைத் தேடும். எரர் லாகை (சர்வர் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஃபைல்) திறந்தால் எந்தப் பாதையைத் திறக்க முயன்று தோற்றது என்று முழுதாக எழுதியிருக்கும். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட அந்த ஒரு வரியைப் படிப்பது மேல். ஆனால் ட்ரை_ஃபைல்ஸ் (எந்த ஃபைல்களை வரிசையாகத் தேடுவது என்று சொல்லும் கட்டளை) வரியின் கடைசியில் 'சமம் 404' என்று முடித்திருந்தால் அந்த வரி லாகில் விழாது. சோதிக்கும் நேரத்துக்கு மட்டும் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. கேமராவிலிருந்து வரும் படங்களின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் கணினியில் சரியாகத் தெரிந்த படம் சர்வரில் காணாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

404, 410, 403, 503: எதை எப்போது அனுப்ப வேண்டும்?

இந்த முகவரியில் எதுவும் இல்லை, இனி வருமா என்றும் தெரியாது: 404. இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம், திரும்ப வராது: 410. ஃபைல் இருக்கிறது, திறக்க அனுமதி இல்லை: 403. சர்வர் தற்காலிகமாக வேலை செய்யவில்லை: 503. இந்த 503-உடன் 'ரீட்ரை-ஆஃப்டர்' என்ற தலைப்பு வரியும் சேர்த்தால், எவ்வளவு நேரம் கழித்து மறுபடி வரலாம் என்று தேடுபொறிக்குத் தெரியும்.

404-க்கும் 410-க்கும் கூகுள் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனாலும் 410 போட்டு வைத்தால், பின்னால் லாகைப் பார்க்கிறவருக்கு இது தெரிந்தே எடுத்த பக்கம் என்பது புரியும்.

சொந்தமாக ஒரு 404 பக்கம் வைப்பது எப்படி?

அப்பாச்சியில் எரர்டாக்குமென்ட் என்று எழுதி, 404 என்ற எண், அதன்பின் சாய்கோட்டில் தொடங்கும் பாதை. ஒரே வரிதான். எச்டிஅக்சஸ் ஃபைலில் (ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் அமைப்பு ஃபைல்) எழுதுவதானால், அதற்கு அனுமதி தரும் அலவ்ஓவர்ரைட் அந்த ஃபோல்டருக்கு ஃபைல்இன்ஃபோ அளவிலாவது திறந்திருக்க வேண்டும். இப்போதைய அப்பாச்சியில் அதன் இயல்புநிலை 'நன்', அதாவது எதற்கும் அனுமதி இல்லை. எனவே திறக்காமல் விட்டால் நீங்கள் எழுதியதை அப்பாச்சி படிக்கவே படிக்காது. பிழைச்செய்தியும் தராது.

என்ஜின்எக்ஸில் எரர்_பேஜ் 404, பிறகு பாதை. கூடவே அந்தப் பாதைக்குத் தனியாக ஒரு லொக்கேஷன் போட்டு, உள்ளே இன்டர்னல் என்று எழுதுங்கள். அப்போது வெளியிலிருந்து யாரும் அந்தப் பிழைப் பக்கத்தை நேரடியாகத் திறந்து 200 ('எல்லாம் சரி' என்ற நிலை எண்) வாங்க முடியாது. முடித்ததும் என்ஜின்எக்ஸ் கட்டளையை '-டி' சேர்த்து ஓட்டி அமைப்பைச் சோதியுங்கள், அதன்பிறகு ரீலோட். ரீஸ்டார்ட் தேவையில்லை.

இரண்டிலும் பொதுவாக நடக்கும் தவறு ஒன்று: பாதைக்குப் பதிலாக எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் சர்வர் 404 அனுப்பாது. 302 அனுப்பி வேறு இடத்துக்குப் போகச் சொல்லும். அந்த இடத்தில் 200 கிடைக்கும். வந்தவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். தேடுபொறிக்கோ 'இல்லை' என்ற தகவல் போய்ச் சேரவே சேராது.

என்ஜின்எக்ஸில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒரு லொக்கேஷனுக்குள் தனி எரர்_பேஜ் எழுதினால், வெளியே சர்வர் தொகுதியில் எழுதிய எரர்_பேஜ் வரிகள் எதுவும் அங்கே இறங்கி வராது. 500-க்கு எழுதியதும் போய்விடும். அடுத்து, ஆட்_ஹெடர் கொண்டு சேர்க்கும் தலைப்பு வரிகள் 404 பதிலில் இடம்பெறா. வரிக் கடைசியில் 'ஆல்வேஸ்' போட்டால்தான் வரும். பாதுகாப்புத் தலைப்புகளை இப்படிச் சேர்த்துவிட்டு, பிழைப் பக்கத்தில் மட்டும் காணவில்லையே என்று தேடுகிறவர்கள் நிறைய.

404 பக்கம் வருகிறது, ஆனால் எழுத்தும் நிறமும் கலைந்து வருகிறது. ஏன்?

பிழைப் பக்கம் சர்வருக்குள்தான் மாறுகிறது. பிரவுசரின் முகவரிப் பெட்டியில் பழைய தவறான முகவரிதான் நிற்கிறது. பக்கத்தில் சிஎஸ்எஸ் ஃபைலுக்கு (எழுத்து, நிறம் எல்லாம் முடிவுசெய்யும் ஃபைல்) சாய்கோட்டில் தொடங்காத பாதை கொடுத்திருந்தால், பிரவுசர் அதைத் தவறான முகவரியின் ஃபோல்டருக்குள் தேடும். அங்கே இருக்காது, அதற்கும் ஒரு 404. எல்லாப் பாதைகளையும் சாய்கோட்டில் தொடங்குங்கள். சிஎஸ்எஸ்ஸைப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

இல்லாத பக்கங்கள் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பி விட்டால் என்ன?

வேண்டாம். மார்த்தாண்டம் தேன் விலை பார்க்க வந்தவரை முகப்பில் கொண்டு நிறுத்தினால், தான் தவறாகத் தட்டினோமா, கடையே மூடிவிட்டதா என்று அவருக்குத் தெரியாது. கூகுளும் சம்பந்தமில்லாத முகப்புத் திருப்பலைப் பெரும்பாலும் 'சாஃப்ட் 404' (200 என்று சொன்னாலும் உண்மையில் இல்லாத பக்கம்) என்றே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்வது சர்வரின் கடமை. அடுத்து எங்கே போகலாம் என்று காட்டுவது பக்கத்தின் கடமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அதே பொருள் வேறு முகவரிக்கு மாறியிருந்தால் மட்டும் 301, அதாவது நிரந்தரத் திருப்பல். அதையும் ஓராண்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. தேன் பாட்டில் லேபிளிலோ ஹோம்ஸ்டே துண்டறிக்கையிலோ க்யூஆர் அச்சடித்திருந்தால் ஓராண்டுக் கணக்கு போதாது. அந்தப் பாட்டில் எந்த வீட்டு அலமாரியில் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அச்சில் ஏறிய முகவரி தளம் இருக்கும்வரை வேலை செய்ய வேண்டும்.

ரியாக்ட் போன்றவற்றில் கட்டிய தளங்களில், எந்த முகவரி வந்தாலும் இன்டெக்ஸ் ஃபைலைக் கொடு என்று எழுதியிருப்பார்கள். ரீஃப்ரெஷ் செய்தால் 404 வராமலிருக்க அது தேவைதான். ஆனால் அதன்பின் உளறலாக எதைத் தட்டினாலும் 200தான் வரும். தெரிந்த பாதைகளை மட்டும் அந்த விதிக்குள் வையுங்கள். அல்லது சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கி நிலை எண்ணையும் அங்கேயே முடிவுசெய்யுங்கள்.

சரியான எண் போகிறதா என்று பார்க்க, சர்வரின் பதிலை அப்படியே காட்டும் கர்ல் கட்டளையில் கோடும் பெரிய 'ஐ' எழுத்தும் சேர்த்து, இல்லாத ஒரு முகவரியைக் கொடுங்கள். முதல் வரியில் 404 இருக்க வேண்டும்.

தமிழில் பெயர் வைத்த பிடிஎஃப் ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரிகிறது. லிங்க்கை அழுத்தினால் 404. எப்படி?

தமிழ்த் தளங்களில் பலரையும் நாள்கணக்கில் அலைக்கழிக்கும் சிக்கல் இது. 'நாகர்கோவில்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள 'கோ'வின் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒரே குறியாக எழுதலாம். இரட்டைச்சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் அந்தச் சொல் 11 குறி, 33 பைட். இரண்டாவதில் 12 குறி, 36 பைட். லினக்ஸும் சர்வரும் பைட்டைத்தான் ஒப்பிடுகின்றன. 33-உம் 36-உம் எப்படி ஒன்றாகும்? எனவே 404. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது நடக்கும். குளச்சல், தக்கலை போன்ற பெயர்களில் வராது. தோவாளை, கொல்லங்கோடு போன்றவற்றில் வரும். சில ஃபைல்கள் திறந்து, சில திறக்காமல் போவதன் காரணம் இதுதான்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து ஏற்றிய ஃபைல்களில் இருக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் சில கருவிகளும் இப்படி விட்டுவிடும்.

சரிசெய்ய, லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவி உண்டு. இரு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து, என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்ந்த வடிவம்) விருப்பத்தோடு ஃபோல்டர் மீது ஓட்டுங்கள். முதலில் அது என்ன செய்யப்போகிறது என்று காட்ட மட்டும் செய்யும். 'நோடெஸ்ட்' சேர்த்தால்தான் உண்மையில் பெயர் மாற்றும். அதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள்.

எங்கள் கருத்து: பக்கத் தலைப்பு தமிழில் இருக்கட்டும், இறக்கிக்கொள்ளும் ஃபைலின் பெயர் மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றோடு நிற்கட்டும். விண்டோஸில் தமிழ்ப் பெயரோடு ஜிப் செய்து லினக்ஸில் பிரித்தால் பெயரே கேள்விக்குறிகளாகச் சிதைவதும் உண்டு. அந்தத் தொல்லையும் சேர்ந்து போகும்.

வேர்ட்பிரஸில் நீளத் தமிழ்த் தலைப்பின் முகவரி பாதியில் அறுந்துவிடுகிறதே?

வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு 200 எழுத்து வரம்பு. சதவீத வடிவில் ஒரு தமிழ்க் குறி 9 எழுத்தைப் பிடிக்கும்: 3 பைட், ஒவ்வொன்றுக்கும் 3. ஆக, சுமார் 22 குறியோடு இடம் முடிந்தது. மெய்யின் புள்ளியும், கால், கொம்பு எல்லாமும் தனிக் குறி என்பதை மறக்க வேண்டாம். 'தோவாளை பூச்சந்தை இன்றைய விலை நிலவரம்' என்று தலைப்பிட்டால், 'இன்றைய' வரை 191 எழுத்து ஆகிவிடும். 'விலை நிலவரம்' முகவரியில் ஏறாது. மறுநாளும் அதே தலைப்பு போட்டால் கடைசியில் 2 என்று ஒட்டும், அதற்கு அடுத்த நாள் 3. பழைய பதிவுகளை அழித்துக்கொண்டே போனால், வாட்ஸ்அப்பில் சுற்றும் லிங்க்குகள் எல்லாம் 404.

தினவிலைக்கு மாறாத ஒரே முகவரி வைத்து, உள்ளடக்கத்தை மட்டும் தினமும் மாற்றுங்கள். பழைய விலையும் வேண்டுமென்றால் தேதியை எண்ணில் வைத்துத் தனி முகவரி.

வேர்ட்பிரஸ் தானாகச் செய்யும் ஒரு காரியத்தையும் கவனியுங்கள். இல்லாத முகவரி வந்தால், அதே எழுத்தில் தொடங்கும் வேறு பதிவைத் தேடித் திருப்பி அனுப்பும். சில நேரம் அது உதவும்; விலைப் பக்கங்களில் தவறான நாளின் விலைக்குக் கொண்டுபோய் விடும். 5.5 பதிப்பிலிருந்து இந்த ஊகத்தை மட்டும் நிறுத்த ஒரு ஃபில்டர் இருக்கிறது.

ஊர்ப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். கன்னியாகுமரியை ஆங்கிலத்தில் இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறோம், ஒரு 'என்' போட்டும் எழுதுகிறோம். குளச்சலுக்குப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்று, ஒலிப்புப்படி ஒன்று. தக்கலையும் அப்படியே. தமிழிலும் கன்னியாகுமரி, கன்யாகுமரி இரண்டும் வழக்கில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றை நிலையான முகவரியாக வைத்து, மற்றவற்றை 301-ஆல் அதற்குத் திருப்புங்கள்.

என்ஜின்எக்ஸில் மேப் தொகுதி போட்டு இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது என்று ஒரு பட்டியலாக எழுதிவிடலாம். இடப்பக்கத்துக்கு 'யூஆர்ஐ' மாறியை எடுத்தால் தமிழை அப்படியே தமிழில் எழுதலாம். 'ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ' எடுத்தால் சதவீத வடிவம்தான் பொருந்தும். வலப்பக்கம் தமிழ் இருந்தால் சதவீத வடிவிலேயே எழுதுங்கள், ஏனென்றால் அது பதிலோடு போகும் 'லொக்கேஷன்' என்ற தலைப்பு வரியில் (அமைப்பிலுள்ள லொக்கேஷன் தொகுதி அல்ல) அப்படியே போகும். தமிழ்ப் பெயர்கள் பைட்டில் நீளமானவை என்பதால், 'மேப்_ஹாஷ்_பக்கெட்_சைஸ்' போதவில்லை என்று ரீலோடின்போது பிழை வரலாம். 128 அல்லது 256 என்று உயர்த்தினால் தீரும்.

லாகில் நம் முகவரியின் வாலில் சதவீதக் குறிகள் நீளமாகத் தொங்குகின்றன. ஹேக்கிங்கா?

அநேகமாக இல்லை. சதவீதம்-ஈ-0, அடுத்து சதவீதம்-ஏ-ஈ அல்லது சதவீதம்-ஏ-எஃப் என்று வந்தால் அது தமிழ் எழுத்து. யாரோ வாட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டி, இடம் விடாமல் 'ல பாருங்க' என்றோ 'ஐ' வேற்றுமை உருபோ சேர்த்திருப்பார். செயலி அதையும் லிங்க்கின் பகுதியாக எடுத்துக்கொண்டுவிட்டது. உங்கள் முகவரிகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், வாலிலுள்ள தமிழ் பைட்டுகளை வெட்டி 301 அனுப்பும் ஒரு ரீரைட் விதி போதும். வெட்டிய பிறகும் பக்கம் இல்லை என்றால் 404 தானே வரும்.

சர்வர் மாற்றினோம். முகப்பு வருகிறது, உள்ளே எதை அழுத்தினாலும் 404.

புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் ஃபைல் மறைந்திருக்கும். காப்பி செய்யும்போது விட்டுப்போயிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இருந்தால், முகவரிகளை மாற்றி எழுதும் மாட்_ரீரைட் இயங்குகிறதா, அலவ்ஓவர்ரைட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் அமைப்புகளுக்குள் பெர்மாலிங்க் பக்கத்தில் எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை அழுத்தினாலே அந்த ஃபைலை மறுபடி எழுதிவிடும். என்ஜின்எக்ஸுக்கு மாறியிருந்தால் எச்டிஅக்சஸ் செல்லாது. ட்ரை_ஃபைல்ஸ் கடைசியில் இன்டெக்ஸ் பிஎச்பிக்கு அனுப்பும் வரியை நீங்களே எழுத வேண்டும்.

திரையில் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று ஒற்றை வரி மட்டும் வந்து, லாகில் 'பிரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்' என்று இருந்தால், அது பின்னால் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் சொல்வது. ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் மதிப்பில் ஃபோல்டர் பாதை தவறு.

பின்னால் நோட் அல்லது பிஎச்பி ஓடுகிறது. நாம் வைத்த 404 பக்கம் ஏன் வரவில்லை?

404 பின்னாலிருந்து வந்திருக்கிறது. என்ஜின்எக்ஸ் அதை அப்படியே கடத்திவிடுகிறது. ப்ராக்ஸி_இன்டர்செப்ட்_எரர்ஸ் ஆன் என்று போடுங்கள், பிஎச்பிக்கு ஃபாஸ்ட்சிஜிஐ_இன்டர்செப்ட்_எரர்ஸ். ஆனால் மொபைல் செயலிக்கு ஜேசன் (செயலிகள் படிக்கும் தகவல் வடிவம்) அனுப்பும் பாதையில் இதைப் போடாதீர்கள். செயலி ஜேசன் எதிர்பார்க்கும், எச்டிஎம்எல் போய்ச் சேரும்.

கடல் கொந்தளித்துப் படகுப் போக்குவரத்து நின்ற நாளில் படகு நேரப் பக்கத்தை எடுத்துவிடலாமா? மட்டிப்பழம் தீர்ந்துவிட்டால்?

இரண்டையும் எடுக்கக் கூடாது. விவேகானந்தர் பாறைக்குப் படகு இன்று இல்லை என்பதே அன்றைக்கு வந்தவருக்கு வேண்டிய தகவல். பக்கம் 200-உடன் இருந்து மேலே பெரிதாக அதைச் சொல்ல வேண்டும். மட்டிப்பழம் அடுத்த அறுவடைக்கு வரும் என்றால் 'இருப்பு இல்லை' என்று போட்டுப் பக்கத்தை விட்டுவையுங்கள். விற்பனையையே நிறுத்திவிட்டால் 410.

404 பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

தேடும் பெட்டி, முக்கியமான நாலைந்து லிங்க், தொலைபேசி எண். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர், 512 பைட்டுக்குக் குறைந்த பிழைப் பக்கத்தைத் தூக்கிவிட்டுத் தன் பக்கத்தைக் காட்டியது. இன்று அந்தக் கவலை இல்லை. பெரிய படம் வேண்டாம். பேச்சிப்பாறை மலைப்பக்கம் சிக்னல் குறைந்த இடத்திலிருந்து வருகிறவருக்கு பிழைப் பக்கமே இறங்க நேரமாகக் கூடாது. டேட்டாபேஸைத் தொடாத சாதாரண எச்டிஎம்எல் ஃபைலாக இருந்தால் நல்லது.

காணாமல் போன ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸ் முழுவதும் எழுந்து ஓடுவதைத் தடுக்க, படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பின்னொட்டுகளுக்குத் தனி லொக்கேஷன் போட்டு, ட்ரை_ஃபைல்ஸில் நேராக 404-க்கு அனுப்புங்கள். சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) இந்த ஒரு மாற்றமே சுமையைக் கண்ணுக்குத் தெரியக் குறைக்கும்.

லாகில் ஆயிரக்கணக்கில் 404. எங்கிருந்து தொடங்குவது?

வழக்கமான கம்பைண்டு வடிவ லாகில், ஆக் கருவிக்கு 9-ஆவது புலம் நிலை எண், 7-ஆவது புலம் முகவரி. 9-ஆவது 404 ஆக உள்ள வரிகளின் 7-ஆவதை எடுத்து, வரிசைப்படுத்தி, எண்ணி, அதிகம் வந்ததை மேலே வையுங்கள். முதல் இருபதைப் பார்த்தால் போதும். ரெஃபரர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு) உங்கள் சொந்தத் தளமாக இருப்பவற்றை உடனே சரிசெய்யுங்கள். அவை நீங்கள் எழுதிய தவறான லிங்க்குகள். வேறு தளத்திலிருந்து வந்தால் 301.

புள்ளி-இஎன்வி, பிஎச்பிமைஅட்மின், நீங்கள் நிறுவாத வேர்ட்பிரஸ் லாகின் என்று வருபவை, ஓட்டை தேடும் பாட்கள். அவற்றைத் திருப்பக் கூடாது, 404 போதும். தொல்லை தரும் ஐபியை அடைக்கும் ஃபெயில்2பேன் கொண்டு தடுப்பவர்கள் வரம்பைத் தாராளமாக வையுங்கள்: மொபைல் நெட்வொர்க்கில் பலர் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள், ஒருவருக்காக எல்லாரையும் அடைத்துவிடும்.

ரோபோட்ஸ் ஃபைல் 404 ஆனால் எல்லாம் படிக்கலாம் என்றே தேடுபொறி எடுத்துக்கொள்ளும், ஆபத்தில்லை. 'வெல்-நோன்' ஃபோல்டருக்குள் ஆக்மி-சேலஞ்ச் 404 ஆனால் அலட்சியம் வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைப் புதுப்பிக்கும் சோதனை அங்கேதான் நடக்கிறது. அது தோற்றுக்கொண்டே இருந்தால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில் தளம் முழுவதற்கும் எச்சரிக்கைத் திரை வந்துவிடும்.

ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டோம். இன்னும் 404 தான் வருகிறது.

404 பதிலையும் இடையில் உள்ளவர்கள் சேமித்து வைக்கலாம். எச்டிடிபி விதிப்படி அது தவறில்லை. சர்வருக்குள் நுழைந்து, லோக்கல்ஹோஸ்டுக்கே கர்ல் அனுப்பி, ஹோஸ்ட் தலைப்பில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே 200 வந்தால் குற்றம் சிடிஎன் (பக்கங்களின் நகலை இடையில் வைத்துத் தரும் சேவை) மீதோ பிரவுசர் மீதோ. சிடிஎன் பலகையில் அந்த முகவரியை மட்டும் பர்ஜ் செய்யுங்கள், அதாவது சேமித்த நகலை அழியுங்கள். சர்வருக்குள்ளேயும் 404 என்றால், ஃபைல் இல்லை என்பதை என்ஜின்எக்ஸ் நினைவில் வைக்கும் ஓப்பன்_ஃபைல்_கேஷ்_எரர்ஸ் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ரீலோட். அதிலும் தீரவில்லை என்றால், ஒரே டொமைனுக்கு இரண்டு சர்வர் தொகுதிகள் இருந்து, நீங்கள் ஃபைலை ஏற்றியது மற்றதன் ரூட்டில் என்று இருக்கும். பெரிய 'டி' எழுத்தோடு என்ஜின்எக்ஸ் கட்டளையை ஓட்டினால் அமைப்பு முழுவதையும் ஒரே நீளமாகக் காட்டும். அதில் உங்கள் டொமைன் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடுங்கள்.